அக்கரையில் உழைப்பு, இக்கரையில் வழக்கு!

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். "எதற்காகப் போகிறீர்கள்?" பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்.

"ஊரில் சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும். கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும்."

பத்து ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பியவரிடம் கேட்டுப் பாருங்கள். "வீடு கட்டியாயிற்றா? நிலம் வாங்கியாயிற்றா?" சிலர் மகிழ்ச்சியோடு தலையை ஆட்டுவார்கள். வேறு சிலர் பெருமூச்சு விடுவார்கள்.

"வாங்கினேன். ஆனால் அது என் பெயரில் இல்லை. கேட்டால் சண்டை வருகிறது."

தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், நாகை மாவட்டங்களில் இந்தப் பெருமூச்சு புதிதல்ல. அங்குள்ள பல கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் அக்கரைச் சீமைக்குப் போயிருக்கிறார்கள். அன்று பர்மா, மலேயா. இன்று சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத், சவுதி அரேபியா. நாடுகள் மாறின. சண்டை மட்டும் மாறவில்லை!

இந்தச் சண்டைகளில் கெட்டவர்கள் மூட்டியவை கொஞ்சம்தான். எழுத வேண்டியதை எழுதாமல் விட்டதால் மூண்டவையே அதிகம். இதுதான் நம்முடைய கருத்து. காரணத்தைப் பார்ப்போம்.

வாரத்தில் ஒரே நாள்

அக்கரையில் வாழ்க்கை எப்படி? சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். லாரியில் ஏறி வேலைக்குப் போவார். இருட்டிய பிறகு விடுதிக்குத் திரும்புவார். ஓர் அறையில் பலர். ஒரு கட்டிலுக்கு மேல் இன்னொரு கட்டில். அந்தக் கட்டில்தான் அவருடைய வீடு.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தேக்காவுக்குப் போவார். நண்பர்களைப் பார்ப்பார். ஊருக்குப் பணம் அனுப்புவார். போனில் மனைவியோடும் பிள்ளைகளோடும் பேசுவார். அப்போதுதான் நிலத்துப் பேச்சும் வரும்.

"பத்திரம் என்ன ஆயிற்று?"

"நாளைக்குத்தான் ஆபீசுக்குப் போக வேண்டும்."

ஆம். அவருக்கு ஓய்வு உள்ள ஞாயிற்றுக்கிழமையில் ஊரில் பதிவு அலுவலகம் மூடியிருக்கும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அது திறக்கும்போது, சிங்கப்பூரில் மணி பன்னிரண்டரை. அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பார்.

குவைத்திலும் சவுதியிலும் இருப்பவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று இங்கே அலுவலகம் உண்டு. ஆனால் அங்கே ஒரு கையெழுத்துப் போட வேண்டுமானால், அலுவலகங்களுக்கும் பெரும்பாலும் அன்றுதான் விடுமுறை! வேலை நாளில் லீவு போட்டுப் போக வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும்.

ஆகவே நேரில் செய்ய வேண்டிய காரியங்களை எல்லாம் அவர் இன்னொருவர் கையில் விட வேண்டியிருக்கிறது. அண்ணனிடம், தம்பியிடம், மாமனாரிடம் விடுகிறார். வாய்ச்சொல்லை நம்பி விடுகிறார். அங்கேதான் தொல்லைக்கு விதை விழுகிறது.

யார் சொல்வது நியாயம்?

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு சகோதரர்கள். இளையவர் அக்கரை போகிறார். மூத்தவர் ஊரில் இருக்கிறார். தம்பி பணம் அனுப்புகிறார். அண்ணன் நிலம் வாங்குகிறார். பத்திரம் அண்ணன் பெயரில்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தம்பி வருகிறார். "என் பணத்தில் வாங்கிய நிலத்தை எனக்கு எழுதிக் கொடுங்கள் அண்ணே" என்கிறார்.

அண்ணன் முகம் மாறுகிறது. "பணம் நீ அனுப்பினாய் தம்பி, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாலுகா ஆபீசுக்கு நடந்தது யார்? வரப்புத் தகராறில் அடிபட்டது யார்? அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் எனக்கென்று என்ன சம்பாதித்தேன்?" என்று கேட்கிறார்.

தம்பி கேட்பது நியாயம். அண்ணன் கேட்பதும் நியாயம்! இரண்டு நியாயங்கள் மோதுகின்றன.

தம்பியின் பணத்துக்குக் கணக்கு இல்லை. அண்ணனின் உழைப்புக்கும் கணக்கு இல்லை. நாம் வழக்கமாகத் தம்பிக்காக மட்டும் பரிந்து பேசுகிறோம். "பாவம், பாலைவனத்தில் வெயிலில் வாடியவன்" என்கிறோம். ஊரில் இருந்தவர் சும்மா இருந்ததாக நினைத்துவிடுகிறோம். நிலத்தைப் பார்த்துக்கொள்வது லேசான வேலையா? வரி கட்ட வேண்டும். குத்தகை வசூலிக்க வேண்டும். எல்லைக் கல்லை அண்டை நிலத்துக்காரர் நகர்த்தாமல் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும். இன்று இல்லை, நாளை வா என்றால் மறுநாளும் போக வேண்டும்.

பல வீடுகளில் இந்த வேலையை மனைவிதான் செய்கிறார். இடுப்பில் குழந்தை, கையில் பத்திரப் பை. கணவர் அக்கரையில் பட்ட பாட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இவர் ஏறி இறங்கிய படிகளை யாரும் எண்ணுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"உறவுக்குள் எதற்குக் கணக்கு? பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, வயல் வாங்கும் விஷயம். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே வசிப்பவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலும், 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் அவரைத் தனியாக வைத்துப் பார்க்கிறது. அவர் இங்கே வீடு வாங்கலாம். வீட்டு மனை வாங்கலாம். கடை வாங்கலாம். ஆனால் ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி இல்லாமல் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ வாங்க முடியாது. தகப்பனார் வழியில் வாரிசாக வந்த வயலை வைத்துக்கொள்ளலாம். போவதற்கு முன்பே வாங்கியிருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்குவதற்குத்தான் தடை. நிரந்தரமாக ஊர் திரும்பிய பிறகு அந்தத் தடை இல்லை.

நாலு வயல் வாங்குவதற்காகவே அக்கரை போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இரண்டாவது, பிறர் பெயரில் வாங்கும் விஷயம். பணம் ஒருவருடையது, பத்திரம் இன்னொருவர் பெயரில் என்றால் அதற்குப் பினாமி என்று பெயர். 1988ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. 2016ஆம் ஆண்டில் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ வாங்கினால் சட்டம் விலக்குத் தருகிறது. அண்ணன் தம்பி பெயரில் வாங்குவதானால், வாங்குபவருடைய பெயரும் பத்திரத்தில் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அண்ணன் பெயரில் மட்டும் எழுதிவிட்டுப் பிறகு, "பணம் என்னுடையது, நிலத்தைக் கொடு" என்று வழக்குப் போட்டால் என்ன ஆகும்? அப்படி வழக்குப் போடுவதையே அந்தச் சட்டம் தடுக்கிறது! பாலைவனத்தில் சிந்திய வியர்வை அத்தனையும் ஒரே வரியில் போய்விடும்.

"அப்பா பெயரில்தானே வாங்கினேன்?" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். உயில் எழுதாமல் அப்பா காலமாகிவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சொத்து அவரவர் வாரிசு முறைப்படி பங்காகிவிடும். இந்துக் குடும்பமானால் தாய்க்குப் பங்கு உண்டு. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சமப் பங்கு உண்டு. பணம் அனுப்பியவருக்கும் மற்றவர்களைப் போல ஒரு பங்குதான். மற்றவர்களைக் குறை சொல்ல முடியுமா? சட்டம் கொடுத்ததை அவர்கள் கேட்கிறார்கள்.

பவர் என்னும் கத்தி

"பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், இனிக் கவலை இல்லை" என்பார்கள். அதிகாரப் பத்திரத்தைத்தான் பேச்சு வழக்கில் பவர் என்கிறோம். அது கத்தியைப் போன்றது. காய் நறுக்கவும் உதவும். கையையும் வெட்டும்.

நிலத்தை ஏர் உழவும், வரி கட்டவும், வாடகை வசூலிக்கவும் மட்டும் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். விற்கவும் அடமானம் வைக்கவும் சேர்த்தும் கொடுக்கலாம். எதைக் கொடுக்கிறோம் என்று படித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு வேலைக்கு ஓர் அதிகாரம் போதும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள். "விற்கும் அதிகாரம் இல்லை" என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்துக்குப் பாஸ்போர்ட்டோடு போய், அதிகாரி முன்னிலையில் கையெழுத்திடலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் விதி இது. பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அல்லல்படுகிறார்கள்.

இன்னும் ஒன்று. அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்த அதிகாரமும் அவரோடு போய்விடும். பிறகு அதைக் காட்டி விற்பது செல்லாது. "பவர் வாங்கிவிட்டேன், ஆகவே நிலம் எனக்குச் சொந்தம்" என்று சொல்வதும் தவறு. அதிகாரப் பத்திரத்தால் மட்டும் நிலத்தின் உரிமை கைமாறாது என்று 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும்.

கொடுத்தவர் மீது நம்பிக்கை போய்விட்டால் என்ன செய்வது? அதிகாரத்தை ரத்துச் செய்து பத்திரம் எழுதி, அதைப் பதிவு செய்து, அவருக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். போனில் திட்டினால் அதிகாரம் ரத்தாகாது!

பூட்டிய வீடும் பார்க்காத நிலமும்

யாரிடமும் ஒப்படைக்காமல் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதுவும் ஆபத்துதான். ஒருவருடைய நிலத்தை இன்னொருவர், அவருடைய உரிமையை மறுத்து, எல்லாரும் அறியத் தமக்கே சொந்தம் என்று 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்துவிட்டால், அதைத் திரும்பக் கேட்கும் உரிமையே போய்விடக்கூடும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் அக்கரையில் இருப்பது அதிசயமா என்ன?

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் வாய்ப்பேச்சில் விட வேண்டாம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது.

இந்தக் காலத்தில் ஒரு வசதி வந்திருக்கிறது. வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பட்டா, சிட்டாவையும் அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். விடுதிக் கட்டிலில் படுத்தபடியே போனில் பார்த்துவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண்ணைப் பிள்ளையின் பிறந்த நாளைப் போல நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. பதிவானவைதான் வில்லங்கத்தில் தெரியும். பதிவாகாத பேச்சும், வெள்ளைத் தாளில் எழுதிய ஒப்பந்தமும் அதில் தெரியாது. பட்டாவில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பத்திரமும் சரியாக இருக்க வேண்டும். பத்திரம் இருந்தால் மட்டும் போதாது, பட்டாவிலும் பெயர் மாற வேண்டும்.

செட்டிநாடு காட்டும் வழி

"சொந்தக்காரரிடம் எழுதி வாங்கினால் அவமானம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியானால் செட்டிநாட்டைப் பாருங்கள்.

பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடை வைத்திருந்தார்கள். முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். அவருக்காக ஏஜெண்டு கடல் கடந்து போவார். பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை. ஏஜெண்டு யார்? பல சமயங்களில் சொந்தக்காரர்தான். ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளியாகவும் இருப்பார். அப்படியிருந்தும் சம்பளச் சீட்டு எழுதினார்கள். சம்பளம் எவ்வளவு, அதிகாரம் எதுவரை என்று முன்னாலேயே பேசி முடித்தார்கள். அக்கரையில் நடந்த வரவு செலவெல்லாம் பேரேட்டில் ஏறியது. கணக்கு ஊருக்கு வந்தது.

கவனியுங்கள். அவர்கள் பணத்துக்கு மட்டும் கணக்கு எழுதவில்லை. பார்த்துக்கொள்கிறவரின் உழைப்புக்கும் விலை எழுதினார்கள். விமானமும் போனும் இல்லாத காலத்தில், இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு தொழில் நடத்த அந்த எழுத்துதான் துணை நின்றது.

பங்காளிக்குள் சீட்டு எழுதிய அவர்களுக்கு இல்லாத அவமானம் நமக்கு எங்கிருந்து வந்தது?

என்ன எழுத வேண்டும்?

புறப்படுவதற்கு முன் குடும்பத்தோடு உட்காருங்கள். பெட்டி கட்டும் அவசரத்தில் வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன்பே உட்காருங்கள். பெற்றோர், மனைவி, சகோதரர், சகோதரி எல்லாரும் இருக்கட்டும். சகோதரியை விட்டுவிடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் இந்துப் பெண்களுக்குப் பங்கு தரத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. 2005ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அவரைக் கேட்காமல் செய்த ஏற்பாடு பின்னால் நிலைக்காது.

இருக்கிற சொத்து எது, யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பாகம் பிரிப்பதானால் பதிவு செய்துவிடுங்கள். அனுப்பப் போகும் பணம் எதற்கு என்று எழுதுங்கள். வீட்டுச் செலவுக்கு இவ்வளவு, பெற்றோர் வைத்தியத்துக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள். உண்டியல் என்னும் கள்ள வழியில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைப்பது போலத் தோன்றும். ஆனால் நாளைக்கு "நான்தான் அனுப்பினேன்" என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுக்கூட இருக்காது. வாங்குகிற வீட்டையும் மனையையும் உங்கள் பெயரில் வாங்குங்கள். அல்லது மனைவியின் பெயரில் வாங்குங்கள்.

அடுத்து, முக்கியமான ஒன்று. ஊரில் பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன தருவீர்கள் என்று எழுதுங்கள். குத்தகையில் பாதியா? மாதம் ஒரு தொகையா? விளைச்சல் முழுவதும் அவருக்கா? எதுவானாலும் சரி, சொல்லி எழுதுங்கள். அவர் அலைந்த செலவை அவர் தலையில் கட்டாதீர்கள். "அண்ணன்தானே, சும்மா செய்வார்" என்று நினைப்பதும் ஒரு வகைச் சுரண்டல்தான்.

ஊரில் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. தம்பி கணக்குக் கேட்டால் கோபப்படாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வரி கட்டிய ரசீதை ஒட்டி வையுங்கள். மாதம் ஒரு முறை அதைப் படம் பிடித்துப் போனில் அனுப்புங்கள். ஐந்து நிமிஷ வேலை. நாளைக்கு உங்கள் மீது ஒருவரும் விரல் நீட்ட முடியாது. கணக்கு வாங்குகிறவரைக் காப்பாற்றுவதைவிடக் கணக்குக் கொடுக்கிறவரைத்தான் அதிகமாகக் காப்பாற்றும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஆற்றிலே போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், அண்ணன் கையில் கொடுப்பதற்கு வேண்டாமா? அளந்து கொடுப்பது அவரைச் சந்தேகிப்பதாகாது. நாளைக்கு ஊர் அவரைச் சந்தேகிக்காமல் இருக்கச் செய்யும் உதவி அது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. இதை ஒத்துக்கொண்டு முன்னாலேயே எழுதிக்கொண்ட குடும்பங்களில், தங்கச்சி கல்யாணத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று பந்தி பரிமாறுகிறார்கள். எழுதாமல் விட்ட குடும்பங்களில், இரண்டு பேரும் கோர்ட்டு வராந்தாவில் எதிரெதிரே நின்று வாய்தா வாங்குகிறார்கள்.

ஒரு முத்திரைத் தாளும் ஒரு நோட்டுப் புத்தகமும் என்ன விலை இருக்கும்? ஒரு வழக்குக்கு ஆகும் செலவில் ஒரு தூசு. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பிள்ளை அக்கரையிலிருந்து போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அதோடு, "நம் நிலத்துக் கணக்கை எழுதிவிடலாமா?" என்றும் கேளுங்கள்.